கருவியல் வகுப்புக்கு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா?

ஒரு வாசகர் கேட்டது, 10 நவம்பர் 2024

நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அனாடமி டியூட்டர். துறைக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. கருவியல் (வயிற்றில் கரு வளரும் விதம் பற்றிய பாடம்) என்றாலே ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் புரியாமல் மனப்பாடம் செய்து வாந்தி எடுக்கிறார்கள். தட்டையான படத்தைப் பார்த்து மடிப்பைக் கற்பனை செய்ய முடியவில்லை. முப்பரிமாணக் காட்சிக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிவிட்டால் ஒரே வகுப்பில் புரிந்துவிடும் என்கிறார் விற்க வந்தவர். உங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கிறதாமே. வாங்கலாமா?

10 நவம்பர் 2024, மாலை

வாங்காதீர்கள்.

10 நவம்பர் 2024, இரவு

மாலையில் ஒரு சொல்லில் முடித்தது எரிச்சலில். நேற்றுதான் மூன்றாவது ஹெட்செட்டின் பட்டை அறுந்தது. இப்போது சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. கருவியல் ஒன்றுதான் அனாடமியில் காலமும் சேர்ந்து ஓடும் பாடம். தொடை எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். நாலாவது வாரத்துக் கருவை எப்படித் திருப்புவது? அது திங்கட்கிழமை ஒரு மாதிரி, வியாழக்கிழமை வேறு மாதிரி. தட்டையான மூன்று படலம் நாலாவது வாரத்தில் தலை, வால், இரு பக்கம் என்று எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் மடிகிறது. பாடப்புத்தகமோ அதைக் குறுக்குவெட்டாக நாலு படம் போட்டு முடித்துவிடுகிறது. எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள்.

எனக்கே குடல் சுழற்சி, அதாவது கருவில் குடல் திரும்பி இடம் பிடிக்கும் விதம், புரிந்தது எம்.பி.பி.எஸ்.ஸில் இல்லை. அதற்குப் பிறகு, குழந்தைகள் அறுவை சிகிச்சை அரங்கில் ஓரமாக நின்ற ஒரு நாளில். பிறந்து நாலு நாள். பச்சையாக வாந்தி. வயிற்றைத் திறந்தால் சிறுகுடல் முழுவதும் ஒரே காம்பில் தொங்கி முறுக்கிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. அறுவை செய்தவர் மொத்தக் குடலையும் கைகளில் ஏந்தி ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று திருப்பி அவிழ்த்தார். நான் எழுதி எழுதி மதிப்பெண் வாங்கிய பதிலை அன்றுதான் பார்த்தேன். அதை முதல் வருடத்திலேயே பார்த்திருந்தால் என்ற ஆசையில்தான் நானும் ஹெட்செட் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். ஆகவே 'வாங்காதீர்கள்' என்பதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

16 நவம்பர் 2024

எங்கள் கதை. 150 பிள்ளைகள், 4 ஹெட்செட். ஒருவருக்கு 6 நிமிடம், துடைத்து மாட்டி விளிம்பு சரிசெய்ய இன்னும் 2 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு சுற்று முடிய 5 மணி நேரம். விற்க வந்தவர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தப்பு.

பெட்டியைத் திறந்ததும் ஹெட்செட் பயனர் கணக்கு தொடங்கச் சொன்னது. யார் பெயரில், யார் மின்னஞ்சலில்? துறைத் தலைவர் என்னைப் பார்த்தார், நான் அலுவலக உதவியாளரைப் பார்த்தேன். இரண்டு வாரம் கோப்பு நகர்ந்தது. கடைசியில் ஒரு பி.ஜி. மாணவர் தன் பெயரில் தொடங்கினார். அவர் படிப்பு முடிந்து போனபோது கடவுச்சொல்லும் கூடவே போயிற்று.

அப்புறம் எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. தலைக்கு எண்ணெய் வைத்து வரும் பிள்ளைகள், மல்லிகைப்பூ, கொண்டை, ஹிஜாப், தடிமன் கண்ணாடி, கண்மை. முகத்தில் படும் நுரைப்பஞ்சு ஒரே வாரத்தில் சவரக் கடைத் துண்டு மாதிரி ஆனது. இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை அவரவர் கண்ணுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் மாட்டினால் எல்லாமே இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். 'மேம், ஒரே கருவா, இரட்டையா?' என்று ஒரு பையன் உண்மையாகவே கேட்டான்.

மின்வெட்டில் ஹெட்செட் நிற்காது, அதற்குள் பேட்டரி இருக்கிறது. ஆனால் வைஃபை போய்விடும். உள்ளே இருக்கும் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று வெளியே திரையில் தெரியாது. நான் இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் அரை நிமிடமாகக் கருவின் வாலுக்குள் நின்றிருக்கிறாள்.

17 நவம்பர் 2024

அறையில் சீலிங் ஃபேன் தாழ்வாக இருந்தால் அணைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

24 நவம்பர் 2024

இன்று எழுத நினைத்தது வேறு. ஆனால் வெள்ளிக்கிழமை நடந்த தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கேள்வி: நடுக்குடல் எந்தத் திசையில் சுழல்கிறது? கரும்பலகையில் பாடம் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் 'கடிகார முள்ளுக்கு எதிராக' என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். மனப்பாடம்தான். ஹெட்செட்டில் பார்த்த குழுவில் ஏழெட்டுப் பேர் 'கடிகாரத் திசையில்' என்று எழுதியிருக்கிறார்கள். கவனிக்காத பிள்ளைகளும் இல்லை. அதில் ஒருத்தி வகுப்பின் முதல் மாணவி.

கூப்பிட்டுக் கேட்டேன். 'நான் பார்த்தேன் மேம், கண்ணால் பார்த்தேன்' என்றாள். ஹெட்செட்டை மாட்டிவிட்டு எங்கே நின்று பார்த்தாய், காட்டு என்றேன். நேராக நடந்து கருவைச் சுற்றிப் போய் முதுகுப் பக்கம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசைதான்! அவள் எழுதியது பொய் இல்லை.

பாடப்புத்தகத்தில் 'முன்னாலிருந்து பார்க்கும்போது' என்று ஒரு சொற்றொடர் வரும். இத்தனை வருடம் அதை அலங்காரம் மாதிரி வாசித்துத் தாண்டியிருக்கிறேன். பலகையில் எல்லாரும் முன்னால்தான் நிற்கிறோம், வேறு வழியில்லை. ஹெட்செட் வந்தபிறகுதான் நிற்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன். விடைத்தாளில் 'எங்கே நின்று?' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

இப்போது அறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கால்தடம் வரைந்து வைத்திருக்கிறோம். அங்கேதான் முதலில் நிற்க வேண்டும்.

30 நவம்பர் 2024

ஆய்வு என்ன சொல்கிறது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நினைவில் நின்றவை மட்டும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1999-லேயே இதைக் கிண்டியிருக்கிறார்கள். அப்போது ஹெட்செட் கிடையாது, கணினித் திரையில் மணிக்கட்டு எலும்புகளைத் திருப்பிப் பார்ப்பதுதான். எல்லாக் கோணத்திலும் பார்ப்பதால் பெரிய லாபம் இல்லை. உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் (இடவுணர்வு) குறைந்த மாணவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. முன், பின் என்று இரண்டு முக்கியக் கோணமே பலருக்குப் போதும். அதே பல்கலைக்கழகத்தில் பின்னால் நடந்த ஆய்வுகளில், கையில் எடுத்துப் பார்க்கும் மாதிரி உருவம் ஹெட்செட்டை வென்றது. சுவாரசியம் இதற்கு அப்புறம்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாதிரியைப் பார்க்கச் சொன்னதும் அந்த லாபம் பெரிதும் குறைந்துபோனது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் கணிப்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் 59 பேரை வைத்து மண்டையோட்டைக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வி.ஆர்., ஒன்றுக்கு ஏ.ஆர். (கண்முன் உள்ள காட்சியின் மேலேயே படத்தைக் காட்டுவது), ஒன்றுக்கு டேப்லட். மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, மங்கல் பார்வை மட்டும் வி.ஆர். குழுவுக்குக் கூடுதல்.

இவை எலும்பு. எலும்பு நகராது. மடியும் கருவுக்கு இதை அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கையில் எடுப்பது ஜெயித்த விஷயம் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது.

1 டிசம்பர் 2024

கொழுக்கட்டை!

தட்டையான மாவு வட்டம். நடுவில் பூரணம். விளிம்பைச் சுற்றிலும் தூக்கி ஒரு புள்ளியில் சேர்த்துக் கிள்ளுகிறோம். அந்தப் புள்ளிதான் தொப்புள். சரியாகச் சேராவிட்டால் பூரணம் வெளியே வரும். குழந்தை பிறக்கும்போதே குடல் வயிற்றுக்கு வெளியே கிடப்பதை விளக்க இதைவிட என்ன வேண்டும்? நாளை வகுப்புக்கு மாவு பிசைந்து எடுத்துப் போகிறேன்.

2 டிசம்பர் 2024

எடுத்துப் போனேன். உவமையில் ஓட்டை இருக்கிறது. பூரணத்தை நாம் வெளியிலிருந்து வைக்கிறோம். கருவில் குடல் அப்படி வருவதில்லை, மடியும் தட்டின் அடிப்படலமே உள்ளே கிள்ளப்பட்டுக் குழாயாகிறது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், 'அப்போ மாவையே மூணு கலர்ல அடுக்கணும் மேம், அடி மாவுதான் பூரணம்' என்றாள். என்னைவிடத் தெளிவு. சாப்பிடவும் ஆகாது, அவ்வளவு கலர் பொடி.

நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அடுக்கினோம். புறப்படலம், நடுப்படலம், அகப்படலத்துக்கு (என்டோடெர்ம்) உலகம் முழுக்க அதுதான் வழக்கமான வண்ணம். வகுப்பு முடிவில் ஒருவன் கேட்டான்: 'உண்மையிலயே என்டோடெர்ம் மஞ்சளாத்தான் இருக்குமா?' ஹெட்செட்டில் பளிச்சென்ற மஞ்சளில் ஆறு நிமிடம் நின்றுவிட்டு வந்தவன். அவனைக் குறை சொல்ல முடியாது.

15 டிசம்பர் 2024

கார்த்திகைக்கு அகல் விற்க வந்தவரிடம் மிஞ்சிய களிமண்ணை எங்கள் அட்டெண்டர் அண்ணன் ஒரு மூட்டை வாங்கி வந்துவிட்டார். முப்பது வருட சர்வீஸ். துறையில் எந்த ஜாடி எந்த அலமாரியில் என்று அவருக்குத்தான் தெரியும். 'மாவு ஒருநாள்ல புளிச்சிரும் மேடம், மண்ணுன்னா வருஷம் பூரா கிடக்கும்' என்றார்.

இந்த வேலை புதிது ஒன்றும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் குஸ்டாவ் பார்ன் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார். கருவை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு சீவலையும் பெரிதாக்கி மெழுகுத் தகட்டில் வரைந்து, கோட்டோடு வெட்டி, வரிசையாக அடுக்கினால் முழு உருவம் எழுந்து நிற்கும். (இயற்பியலாளர் மேக்ஸ் பார்னின் அப்பா இவர். மகன் 1930-களில் ராமன் அழைத்துப் பெங்களூருக்கு வந்து சில மாதம் இருந்தவர். சரி, எங்கோ போகிறேன்.) அமெரிக்காவில் பால்டிமோரில் ஃபிராங்க்ளின் மால் 1914-இல் தொடங்கிய கார்னகி கருவியல் துறையிலும் இப்படிச் சீவி, அடுக்கி, மாதிரி செய்தார்கள். முதல் எட்டு வாரத்தை 23 நிலைகளாகப் பிரித்து இன்று நாம் 'கார்னகி நிலை' என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

அந்தச் சீவல்களைத்தான் ஆம்ஸ்டர்டாம் மருத்துவ மையம் கணினியில் ஏற்றியது. 2016-இல் வெளியானது. சீவல் சீவலாக ஒவ்வொரு உறுப்பையும் கையால் கோடு வரைந்து பிரித்தவர்கள் 75 மாணவர்கள், ஏறக்குறைய 45,000 மணி நேரம். இலவசம். 3டி பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. மொபைலில் திருப்ப வராது, கணினியில் அடோபி ரீடரில் திறந்து 3டி உள்ளடக்கத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கேள்வி கேட்டவரே, எதையும் வாங்கும் முன் இதைத் திறந்து பாருங்கள்.

அந்த 45,000 மணி நேரத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உலகத்திலேயே கருவியல் நன்றாகத் தெரிந்த மாணவர்கள் அந்த 75 பேராகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் வரைந்து வரைந்து கற்றார்கள். நாம் அவர்கள் செய்து முடித்ததை ஆறு நிமிடம் காட்டிவிட்டு ஏன் புரியவில்லை என்கிறோம்.

16 டிசம்பர் 2024

தெர்மாகோல் தாளில் இருபது சீவல் வெட்டி அடுக்கச் சொன்னேன். ஒரு குழு தலைகீழாக அடுக்கியது. பிரித்து மறுபடி அடுக்கியது. அந்தக் குழுவுக்குக் குறுக்குவெட்டுப் படம் எதைக் காட்டினாலும் இப்போது தெரிகிறது.

22 டிசம்பர் 2024

சின்னக் குறிப்பு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'நாலு வாரக் கருவின் நீளம் என்ன?' என்றேன். ஒரு பையன் கையை விரித்துக் காட்டினான், ஒரு முழம் வரும். சிரித்துவிட்டேன், பிறகுதான் புரிந்தது. அவன் பார்த்த கரு அவன் உயரத்துக்கு இருந்தது, அதன் இதயத்துக்குள் நடந்து போய் வந்தவன்.

அண்ணன் சமையலறை மாதிரி இரண்டு டப்பா வைத்துவிட்டார். ஹெட்செட் மாட்டும் முன் உள்ளங்கையில் ஒரு துவரம்பருப்பு: நாலு வாரம் முடியும்போது கிட்டத்தட்ட அவ்வளவு, 4 முதல் 5 மில்லிமீட்டர். எட்டு வாரத்துக்கு ஒரு நெல்லிக்காய், 30 மில்லிமீட்டர். நெல்லிக்காய் அடிக்கடி காணாமல் போகிறது.

5 ஜனவரி 2025

இதயம். ஹெட்செட்டுக்கு இங்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். களிமண்ணால் இதயத்தின் வெளி வளைவைக் காட்டலாம், உள்ளே எழும் தடுப்புச் சுவரைக் காட்ட முடியாது. ஒரு பொதுக் குழாய்க்குள் சுருள் படிக்கட்டு மாதிரி சுவர் எழுந்து, ஒரு பக்கம் பெருந்தமனி, மறுபக்கம் நுரையீரல் தமனி என்று பிரிவதை நான் பலகையில் பதினைந்து வருடம் வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஹெட்செட்டில் குழாய்க்குள் நின்று மேலே பார்த்தால் சுருள் கண் முன்னால் திரும்புகிறது. சுருளாமல் நேராக எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். உள்ளே நின்றுகொண்டே ஒருத்தி, 'ரெண்டும் இடம் மாறி நிக்கும், குழந்தை நீலமாப் பொறக்கும்' என்றாள். பதில் கேட்டு மேல் சிலிர்த்தது.

இதயக் குழாய் வலப்பக்கம் வளைவதற்கு எளிய விளக்கம்: இரண்டு முனையும் கட்டப்பட்ட சைக்கிள் ட்யூப் சின்னப் பெட்டிக்குள் நீண்டுகொண்டே போனால் மடியத்தானே வேண்டும்.

6 ஜனவரி 2025

நேற்று எழுதிய சைக்கிள் ட்யூபை அடித்துவிடுங்கள். அதாவது, அரைகுறையாக. வகுப்புக்கு அது வசதி, ஆனால் இடநெருக்கடி மட்டும் காரணம் என்று சொன்னது தவறு. விலங்குக் கருவிலிருந்து இதயக் குழாயைத் தனியே எடுத்து வளர்த்தபோதும் அது தானாகவே வளையத் தொடங்கியிருக்கிறது. வளைவு குழாயின் சுபாவத்திலேயே இருக்கிறது, பெட்டி அதற்கு மேலும் வடிவம் கொடுக்கிறது. எங்கள் ஹெட்செட் செயலியில் பெட்டியே கிடையாது. இதயம் கறுப்பு வெளியில் மிதக்கிறது. சுற்றி உறை இல்லை, தாய் இல்லை, நஞ்சுக்கொடி இல்லை. விண்வெளி வீரன் மாதிரி ஒரு கரு.

19 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறை முடிந்து முட்டை. கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையில் கரு வராது, சேவல் சேராத முட்டை. நாட்டுக்கோழி வளர்ப்பவரிடம் பேசி ஒரு டஜன் வாங்கி, மைக்ரோபயாலஜியில் கெஞ்சி இன்குபேட்டரில் 38 டிகிரியில் மூன்று நாள். அகன்ற முனையில் ஊசியால் குத்தி 2, 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சினால் மஞ்சள் கீழே இறங்கும். மேல் ஓட்டில் ஜன்னல் வெட்டலாம்.

மூன்று முட்டையில் ஒன்றும் இல்லை. நாலாவதில் இரத்தக் குழாய் வலை, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. துடித்தது. அரிஸ்டாட்டிலும் முட்டையை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து இதே புள்ளியைத்தான் எழுதி வைத்தார். 150 பேரும் வரிசையில் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஹெட்செட்டுக்கு வராத அமைதி. சைவப் பிள்ளைகள் இருவர் வரமாட்டோம் என்றார்கள், விட்டுவிட்டேன். துடிப்பு அறையின் குளிரில் மெதுவாகி நின்றது. அதற்கு நான் ஆயத்தமாக இல்லை. அடுத்தமுறை விளக்கு வைத்துச் சூடாக்க வேண்டும்.

கார்ட்போர்டு கண்ணாடியில் மொபைலைச் செருகினால் போதாதா என்று கேட்டவருக்கு: அதில் தலையைத் திருப்பலாம், நடக்க முடியாது. கருவின் முதுகுப் பக்கம் போகவே முடியாது. சில நேரம் அது நல்லதுதான், 24 நவம்பர் குறிப்பைப் பாருங்கள்.

26 ஜனவரி 2025

அந்த 24 நவம்பர் குறிப்புக்கே வருகிறேன். 'எங்கே நின்று?' என்று கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்திருக்கிறது: சுழல்கிறதா?

நாம் சொல்லிக்கொடுப்பது இது. ஆறாவது வாரம் வயிற்றில் இடம் இல்லாமல் நடுக்குடல் தொப்புள்கொடிக்குள் போகிறது. அங்கே 90 டிகிரி. பத்தாவது வாரம் திரும்பி வரும்போது இன்னும் 180. மொத்தம் 270, நடுக்குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் சுப்பீரியர் மெசென்டெரிக் ஆர்ட்டரி அச்சு. செயலியிலும் அப்படியே ஒரு குழாய் சக்கரம் போல அழகாகச் சுற்றுகிறது.

ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் மனிதக் கருச் சீவல்களை முப்பரிமாணத்தில் அடுக்கிப் பார்த்து, மொத்தக் குடலும் ஒரே சக்கரமாகச் சுற்றுவதைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது, தனித்தனிச் சுருள்கள் ஆளுக்கொரு வேகத்தில் நீண்டு, மடிந்து இடம் பிடிப்பதை. அதாவது முப்பரிமாணச் சான்று ஒன்று சொல்கிறது, முப்பரிமாண அனிமேஷன் இன்னொன்று சொல்கிறது. எப்படி? சீவியது எல்லாம் உயிர் நின்றுபோன கருக்கள். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாரும் மனிதக் கருவில் பார்க்கவில்லை. அந்த நடுப்பகுதியை நிரப்புவது படம் போடுபவரின் கற்பனை. பலகையில் நான் அம்புக்குறி போட்டால் அது அம்புக்குறி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஹெட்செட்டில் அதே அம்புக்குறி 'கண்ணால் பார்த்தேன் மேம்' ஆகிவிடுகிறது.

தேர்வில் 270 என்றே எழுதுங்கள் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

9 பிப்ரவரி 2025

ஒரு மாணவி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, 'இது யாரோட குழந்தை மேம்?' என்றாள். செயலிக்காரர்கள் எதைப் பார்த்துச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அப்படியே சொன்னேன். ஆனால் இந்தத் துறையின் மிக ஆரம்பகாலக் கருக்கள் வந்த விதம் தெரியும். 1938-இல் தொடங்கிப் பாஸ்டன் பக்கம் ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற இரு மருத்துவர்கள், கருப்பை அகற்றும் அறுவைக்குக் காத்திருந்த 200-க்கும் மேற்பட்ட பெண்களிடம் உறவு கொண்ட நாட்களைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். அகற்றிய கருப்பைகளில் தேடி 34 கரு எடுத்தார்கள். முதல் இரண்டரை வாரத்தைப் பற்றி நாம் வரையும் படங்களுக்குப் பெரும்பாலும் அவைதான் ஆதாரம். கார்னகி சேகரிப்பில் சேர்ந்தன. இன்று மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கின்றன.

சொல்லி முடித்ததும் வகுப்பில் யாரும் பேசவில்லை. 'அந்த அம்மாக்களுக்குத் தெரியுமா?' என்று அவளே மறுபடி கேட்டாள். வேறு காலம், இன்றைய ஒப்புதல் முறை அப்போது கிடையாது என்றேன். எனக்கே நிறைவில்லாத பதில்.

10 பிப்ரவரி 2025

ரோட்டர்டாமில் செய்வது போல 3டி ஸ்கேனை எடுத்து வி.ஆர். அறையில் காட்டலாமே என்று ஒருவர். அங்கே எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் உயிரோடிருக்கும் கருவின் ஸ்கேனை ஓர் அறை முழுக்க மிதக்கவிட்டு அளந்திருக்கிறார்கள், அருமையான வேலை. இங்கே, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரமும் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அனாடமி துறைக்குத் தள்ளிக்கொண்டு வர முடியாது. ஏன் அந்தச் சட்டம் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

2 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டாராம். பத்து! சரி, நல்லது. இப்போது நாங்கள் ஓட்டும் வரிசையைச் சொல்கிறேன்: முதலில் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் வரைய வேண்டும், தப்பானாலும் சரி. அப்புறம் களிமண் அல்லது தெர்மாகோல். கையில் துவரம்பருப்பு. கடைசியில்தான் ஹெட்செட், தான் வரைந்தது சரியா என்று போய்ப் பார்க்க. 6 நிமிடம் அப்போது தாராளமாகப் போதும். இதயத்துக்கு மட்டும் 10. ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வெளியே நின்று, 'வலது என்றால் கருவின் வலதா, உன் வலதா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடவுச்சொல்லைத் துறைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். முகத்துணி ஆளுக்கொன்று தைத்துக்கொள்ளுங்கள், பருத்தி.

நேற்று பிள்ளைகள் போனபிறகு அட்டெண்டர் அண்ணன் தயங்கித் தயங்கி, 'ஒரு தடவை நான் பார்க்கலாமா மேடம்?' என்றார். இத்தனை மாதம் துடைத்து சார்ஜ் போட்டவர், நாங்கள் யாரும் அவரிடம் மாட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்கவில்லை. எட்டு வாரக் கருவை வைத்தேன். விரல்களைப் பார்த்தார். குனிந்து, உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்தார். கழற்றியதும் நேராக மூன்றாவது அலமாரிக்குப் போய் 14-ஆம் எண் ஜாடியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'இதுக்கும் விரல் இருக்கு, பார்த்ததே இல்ல' என்றார். லேபிளில் மை போய்விட்டது. பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.